ராட்சசப் பல்லியும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரருக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலைகூடப் போட மாட்டார். ஒரே ஒரு பைத்தியம்தான். பழைய இங்கிலீஷ் படங்களில் வருமே, மாடிக் கட்டிட உயரத்துக்குப் பல்லி, லாரி அளவுக்குச் சிலந்தி, ரயில் பெட்டியைத் தூக்கி வீசுகிற நண்டு, அந்தப் படங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி எடுத்துக் கொடுத்துவிட்டு நேரே வீடியோ கடைக்குப் போய் ஒரு கேசட்டோடு வருவார். பிறகு சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவரை அசைக்க முடியாது.

எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நான் கோபக்காரி. இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, தெரிந்துதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணம் முடிந்து கோயமுத்தூரிலிருந்து புனே பக்கத்து ஆகுர்டிக்கு வந்தேன். அவர் அதற்கு மூன்று வருஷம் முன்பே வந்து, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்திருந்தார். தகட்டை உள்ளே தள்ளினால் மேலேயிருந்து மெஷின் இறங்கி ஒரே அடியில் அதைக் கதவாகவோ மூடியாகவோ அமுக்கிக் கொடுக்கும். ஒரு ஷெட்டுக்குள் அப்படி வரிசையாக மெஷின்கள். ஆயுத பூஜைக்கு ஒரு முறை குடும்பங்களை உள்ளே விட்டார்கள். பார்க்க வந்தவர்களுக்காக ஒரே ஒரு மெஷினை மட்டும் ஓட்டினார்கள். ஒரு அடிதான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

“தெனமும் எப்படீங்க இதுக்குள்ள நிக்கறீங்க?” என்று கேட்டேன்.

“பழகிப்போச்சு” என்றார். பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துக் காட்டினார். காதில் வைத்துக்கொள்வாராம்.

வந்த புதிதில் எனக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்ததே அவர்தான். காய்கறிக்காரனிடம் எப்படிப் பேரம் பேசுவது, பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரை எப்படிக் கேட்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார். நான் தப்பாகச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். குளிக்கப் போனால் பாட்டுத்தான். பக்கத்து வீட்டில் ஒரு வயதான மராட்டிக்கார அம்மா இருந்தார், காகு என்று கூப்பிடுவோம். அவர் சுவரைத் தட்டி இன்னொரு பாட்டுக் கேட்பார், இவர் ஈரத் தலையோடு இன்னொன்று பாடுவார்.

மகள் பிறந்து நடக்க ஆரம்பித்த சமயத்தில் மனுஷர் மாறிப்போனார். பாட்டு நின்றது. கடைக்குப் போனால் கடைக்காரர் என்ன கேட்டாலும் “ஹாங், ஹாங்” என்று தலையை ஆட்டிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். பருப்பு கேட்டால் கடலை வரும். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால், “நீயே போயிட்டு வந்துரு, உனக்குத்தான் மராட்டி நல்லா வருது” என்பார். எனக்கு அதில் ஒரே பெருமை. உண்மையிலேயே நான் அதற்குள் மராட்டியில் சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தேன். பாங்கு, ரேஷன், கேஸ் சிலிண்டர், எல்லாவற்றுக்கும் நானே போனேன்.

காகு ஒரு நாள் என்னை நிறுத்திக் கேட்டார், தம்பி ஏன் இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை என்று. “த்யான்னா மராட்டி யேத் நாஹி” என்றேன். அவருக்கு மராட்டி வராது. அப்போதிருந்து அதையே எல்லோரிடமும் சொன்னேன். ஹிந்திக்காரர்களிடம் அவருக்கு ஹிந்தி வராது என்றேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எங்களோடு பழகியது. அவர்கள் வீட்டில் இவர் மௌனச் சாமியாராக உட்கார்ந்திருந்தபோது, “எங்க கோயமுத்தூர்ப் பேச்சத் தவிர இவுருக்கு வேறொண்ணும் ஏறாதுங்க” என்று சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

எனக்கே ஹிந்தி சொல்லிக்கொடுத்தவர் அவர். படித்த பாஷை எங்கே ஓடிப்போகும்? ஒரு நாளாவது யோசித்தேனா? ஊர் விட்டு ஊர் வந்தவர்களிடம் இப்படி ஒரு சௌகரியமான காரணம் எப்போதும் கைவசம் இருக்கிறது. எது சரியில்லை என்றாலும் பாஷை தெரியாது என்று சொல்லி முடித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் படம் வேண்டும் என்று நான் மல்லுக்கட்டுவேன். எனக்காக ஒன்று எடுத்து வருவார். பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார், அல்லது தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். அதுவே பல்லிப் படமாக இருந்தால் நுனி நாற்காலிதான். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “பாரு கண்ணு, இப்ப அந்தப் பாலம் காலி” என்பார். பல்லி காலைத் தூக்கிக் காரை மிதிக்கும்போது படத்தை நிறுத்தி, பக்கத்தில் போய்ப் பார்ப்பார். “இது வெறும் தகரம். நெசமான கார் தகடு இப்புடி மடங்காது.” பிரஸ் ஷாப்காரர் அல்லவா, பல்லியை மன்னித்தாலும் தகட்டை மன்னிக்க மாட்டார். பல்லி என்பது ரப்பர் சட்டை மாட்டிய ஆள்தான் என்று எனக்கே தெரிந்தது. ஊரே அட்டையில் செய்தது. ஒரு படத்தில் சிலந்தியின் காலைத் தூக்கும் கம்பிகூடத் தெரிந்தது. “மூள வளராத கொழந்தைக பாக்கறதுங்க இது, எருமை வயசுல உங்களுக்கு என்னத்துக்குங்க?” என்று வந்தவர்கள் முன்னால் வைத்தே கேட்டிருக்கிறேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தத் திமிர்தான் எனக்குத் தாங்காது.

தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். வீட்டுக்கு போன் வந்துவிட்டது, கேபிளும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் டிவியில் அப்படி ஒரு படம். கடலுக்குள்ளிருந்து பல்லி கிளம்பி வருகிறது. கோயமுத்தூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். லைன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை ஒரேயடியாக நிறுத்தினேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், மனுஷர் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். சரி, ரசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் பார்த்தார். நான் ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக நிற்பதைக் கண்டார்.

“சத்தம் ஜாஸ்தியா இருக்குதா? கொறைக்கட்டுமா?” என்றார்.

டிவியில் துளிச் சத்தம் இல்லை. ஓரத்தில் ஒலிபெருக்கிப் படத்தின் மேல் கோடு போட்டிருந்தது. பல்லி வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது, சனங்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள், வீட்டில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

அக்காவிடம் என்ன சொல்லி போனை வைத்தேனோ தெரியாது. அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். “ஏனுங்க” என்றேன். அசையவில்லை. “ஏனுங்க, கேஸ் கசியுதுங்க” என்று உரக்கச் சொன்னேன். அவர் பல்லியைப் பார்த்துச் சிரித்தார். அப்போது ஆறு வயது மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“அப்பாவத் தொட்டுட்டுதானே பேசணும்?” என்றாள். “உனக்கு மாலும் நஹி?”

அம்மாவுக்குத் தெரியாதா என்று கேட்கிறது ஒரு வாண்டு. அது பேச ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான் பேசியிருக்கிறது. அப்பா என்றால் தொட்டுவிட்டு, முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும், அவ்வளவுதான் அதற்கு.

டிவியை அணைத்துவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

“எத்தன நாளா?” என்றேன். அவர் பார்க்கவில்லை. மோவாயைப் பிடித்து நிமிர்த்தி இன்னொரு தடவை கேட்டேன்.

“இவ பொறந்த வருசத்துல இருந்து. மொதல்ல எடது காது. அப்பறம் ரெண்டும். கிட்டத்துல கத்துனா கொஞ்சம் கேக்குது.”

“கம்பெனில வருசாவருசம் டெஸ்ட் பண்றாங்கல்லோ?”

“ஹெட்போன மாட்டிவிட்டு, கேட்டா கையத் தூக்கச் சொல்லுவாங்க. பொத்தான அமுக்கறப்ப டெஸ்ட் பண்ற ஆளோட தோள் லேசா அசையும். அதப் பாத்துத் தூக்கிருவேன்.”

காது போய்விட்டது என்று எழுதினால் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ஷாப்பில் யாரோ சொன்னார்களாம். அதை நம்பி இத்தனை வருஷம் தோளைப் பார்த்துக் கை தூக்கியிருக்கிறார். என்னோடு பேசும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை நான் ஆசை என்று நினைத்து அக்காவிடம் பெருமை அடித்திருக்கிறேன். உதட்டைப் படித்திருக்கிறார் மனுஷர்.

“எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுல்ல?”

“நீதான் எல்லார்த்துகிட்டயும் பாஷ தெரியாதுன்னு சொல்லிப்போட்டயே. அதுவே நல்லதுன்னு இருந்துட்டேன்.” பிறகு அவராகவே சொன்னார்: “தமிழ்ப் படத்துல பேசிக்கிட்டே இருக்கறாங்க. நீ சிரிக்கறே, அழுவறே, எனக்கு எதுக்குன்னு தெரியாது. உன்ற பக்கத்துல முட்டாளாட்டம் உக்காந்திருக்கோணும். இதுல பல்லி வருது, சனங்க ஓடுது. கேக்கறதுக்கு என்ன இருக்குது?”

அந்த நேரத்தில் வேறொரு பெண்ணாக இருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். நான் திட்டினேன். ஏமாற்றிவிட்டீர்கள் என்று, பிள்ளை ரோட்டில் கூப்பிட்டால் என்ன கதி என்று, ஒரு மணி நேரம் திட்டினேன். அன்றோடு விட்டேனா? அடுத்த இரண்டு வருஷமும் அதே வேலைதான். புனேவில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். உள்ளே நரம்பு போய்விட்டது, இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமானால் அந்தச் சத்தத்திலிருந்து வெளியே வர வேண்டும் என்றார். இவர் வரமாட்டேன் என்றார். நான் கிட்டத்தில் போய்க் கத்தினேன். கிட்டத்தில் போய்க் கத்தினால்தானே கேட்கும். கொஞ்சம் மிச்சமிருந்த அந்தக் காதில் நான் ஒரு நல்ல வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை. இருந்ததையும் திட்டியே தீர்த்தேன்.

கடைசியில் நானே கம்பெனி வாசலில் போய் நின்று, பெரிய அதிகாரியைப் பார்த்து, எனக்குத் தெரிந்த மராட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி இவரையும் அறைக்கு வரவழைத்தார். வேலையைவிட்டு அனுப்பவில்லை. அடுத்த வாரமே ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார். முதலிலேயே சொல்லியிருந்தால் முதலிலேயே மாற்றியிருப்போமே என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பக்கத்தில் நின்ற இவரிடம் நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அதிகாரியின் உதட்டிலிருந்தே படித்துவிட்டாரோ என்னவோ.

காது மிஷின் வாங்கினோம். மாட்டினால் குக்கர், மின்விசிறி, ரோட்டு ஹாரன் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்து இடித்தன, என் குரல் மட்டும் தனியாக வரவில்லை. பீரோவில் வைத்துவிட்டார். இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று நான்கு வருஷத்தில் ஒன்றுமே கேட்காமல் போயிற்று.

அதற்கப்புறம்தான் நான் பல்லிப் படம் பார்க்க உட்கார்ந்தேன். கேசட் போய் சிடி வந்திருந்தது. டிவி சத்தத்தை நிறுத்திவிட்டு மூன்று பேரும் பார்ப்போம். சத்தமில்லாமல் பார்த்தபோது எனக்கு அந்தப் படங்கள் வேறு மாதிரி தெரிந்தன. அந்தப் பல்லிக்கு யார் மேலும் விரோதம் கிடையாது. கடலுக்கு அடியில் தன் பாட்டுக்குக் கிடந்ததை எவனோ குண்டு போட்டு எழுப்பிவிடுகிறான். வந்த ஊர் என்னவென்று அதற்குத் தெரியாது, சுற்றி நின்று கத்துகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. எங்கே கால் வைத்தாலும் எதுவோ உடைகிறது, உடனே சுடுகிறார்கள். ரப்பர் சட்டை என்று தெரிந்தும், சுடுகிறவர்களை டிவியைப் பார்த்துத் திட்டினேன். கணினியில் செய்த புதுப் படங்களை மகள் கொண்டுவந்து போட்டாள். அதில் பல்லி பளபளவென்று அசலாக இருந்தது. அவருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பழைய பல்லி நடக்கும்போது உள்ளே ஒரு ஆள் கனத்தைச் சுமந்துகொண்டு தடுமாறுவது தெரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் ட்யூஷன் போயிருந்தாள். படம் முடிந்து பல்லி திரும்பக் கடலுக்குள் விழுந்தது. அவர் சிடியை எடுக்க எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பல வருஷமாக நெஞ்சில் கிடந்ததை அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எழுதிக் காட்டலாம் என்று கேட்காதீர்கள். மன்னிப்பைக் காகிதத்தில் எழுதி நீட்டுவதற்கு அவர் என்ன பாங்கு மேனேஜரா?

முகத்துக்கு நேரே உட்கார்ந்து, “ஏனுங்க, உங்களுக்குக் காது இருந்தப்ப நான்...” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முன்னால் குனிந்து என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது. பிறகு கையைக் காட்டி நிறுத்தினார்.

“அழுதுட்டே பேசாத அம்மிணி, வாய் கோணிக்குது. ஒண்ணுமே புரியல. அழுது முடிச்சுட்டுச் சொல்லு, நான் இருக்கறேன்.”

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். காத்திருந்தார். நான் அழுது முடித்தேன், முகத்தைத் துடைத்தேன். வாய் நேரானது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சோறு போடட்டுங்களா?” என்றேன்.

“போடு” என்றார்.