வெள்ளரிப் பாத்தியும் நான் எழுதிய எட்டாவது விதியும்

எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் பூங்கா வரவில்லை. ஊஞ்சல் வாங்கப் பணம் சேராததால் குடியிருப்போர் சங்கம் அந்த நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, காய்கறி போட விரும்புகிறவர்களுக்குக் கொடுத்தது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு முதலில், மிஞ்சினால் வாடகைக்காரர்களுக்கு. நான் மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வேலைக்காக ஓசூர் வந்த பிறகு எனக்கென்று இந்த ஊரில் இருந்தவை ஒரு ஸ்கூட்டர், ஒரு கேஸ் அடுப்பு, கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டை. கடைசியாக மிஞ்சிய மூலைப் பாத்தி எனக்கு வந்தபோது அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். இதைவிட்டால் வாடகைக்காரிக்கு இன்னொரு பாத்தி கிடைக்கப் போவதில்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

பாத்தி கொடுத்த கையோடு சங்கச் செயலாளர் அக்கா எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கன்னடம், வாசலில் தெலுங்கு, எங்களிடம் தமிழ்.

"நீ கம்பெனில குவாலிட்டிதானேம்மா. நம்ம தோட்டத்துக்கும் ரூல்ஸ் எழுதிக் குடு."

எழுதினேன். எனக்கு அது சுகமான வேலை. தண்ணீர் எப்போது, குழாய் யார் முறை, மருந்து அடிப்பது எப்படி என்று வரிசையாகப் போய், எட்டாவது விதியில் நின்றேன். "பாத்தியில் ஒரு களைகூட இருக்கக் கூடாது. இரண்டு முறை பார்வையிட்டும் களை இருந்தால், பாத்தி காத்திருப்போரில் அடுத்தவருக்குப் போகும்." பிரேக் பாகங்கள் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவளுக்கு 'ஓரளவு இருக்கலாம்' என்று எழுதக் கை வராது. படித்துக் காட்டியபோது யாரும் சிரிக்கவும் இல்லை. லேஅவுட்டில் பாதிப் பேர் ஏதோ ஒரு தொழிற்சாலையில் இருக்கிறவர்கள். பூஜ்யம் என்ற இலக்கு அவர்களுக்குப் பழகிப்போனது.

நாட்டு வெள்ளரி விதை வாங்கி ஊன்றினேன். முளைத்த அதே வாரத்தில் வரிசைகளுக்கு நடுவே வேறு ஒன்றும் முளைத்தது. பச்சை ஊசிகள். நேராக, பளபளப்பாக, எல்லாம் ஒரே உயரத்தில். தொழிற்சாலையில் வந்திருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். போனில் படம் எடுத்துக் கேட்டேன். கோரை என்றது. உலகத்தின் மிக மோசமான களைகளில் ஒன்று என்றும் சொன்னது. ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

பிடுங்கினேன். இலை கையோடு வந்தது, கிழங்கு உள்ளேயே இருந்துகொண்டது. தோண்டினேன். கறுப்புக் கிழங்குகள் நூலில் கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு நூலைப் பின்தொடர்ந்து போனால் அது வெள்ளரி வேருக்கு அடியில் நுழைந்திருந்தது. அங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மண்மேல் விரித்தேன். ஓரமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் போட்டேன். ஷீட்டைக் குத்திக்கொண்டு மேலே வந்து நின்றது. சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். இரண்டு நாள் வாடியிருந்துவிட்டு, சாப்பிட்டு எழுந்ததுபோல எழுந்தது. தொழிற்சாலையில் ஒரு குறை வந்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்போம். கோரை ஏன் வருகிறது? கிழங்கு இருப்பதால். கிழங்கு ஏன் இருக்கிறது? கோரை வருவதால். மூன்றாவது ஏனுக்கு வழியே இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் வெள்ளரி தன் பாட்டில் பந்தல் ஏறியது. முதலில் வெறும் ஆண் பூக்கள். பிறகு பூவுக்குப் பின்னால் விரல்நுனி அளவில் பிஞ்சுகள். முதல் காய் அரிவாள்போல வளைந்து வந்தது. வேலையிடத்தில் அந்த வளைவுக்குக் கழித்துப்போடும் சிவப்புப் பெட்டிதான். இங்கே ஒடித்து, துப்பட்டாவில் துடைத்து, நின்ற இடத்திலேயே தின்றேன்.

அந்த வாரம்தான் முதல் பார்வை. செயலாளர் அக்கா பாத்தி ஓரத்தில் குனிந்து பார்த்தார். "நோடம்மா, பாரு, நீ எழுதின ரூல். உனக்காக நான் வளைக்க முடியாது" என்று சொல்லி, 'மூலைப் பாத்தி: புல் உள்ளது' என்று குறித்துக்கொண்டார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் அப்படியே போட்டார்.

மறுநாள் காலையில் இருந்து ஒருவர் என் பாத்திப் பக்கம் நடைப்பயிற்சி வர ஆரம்பித்தார். எனக்குப் பிறகு பேர் கொடுத்து, காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்தவர். பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரர், ஒரு தொழிற்சாலையில் அளந்து அளந்து அச்சு செய்யும் டூல் ரூமில் வேலை.

"என்னாம்மா, கொடி நல்லா ஏறிக்கிச்சு" என்றார் வேலிக்கு வெளியே நின்று.

"ஆமாங்ணா."

"அந்த மூலைல புதினா வெக்கலாம். இந்தப் பக்கம் நூக்கோல்."

"யாருங்ணா வெக்கறது?"

"சும்மா பொதுவா சொன்னேம்மா."

அடுத்த நாள் அவர் கையில் அளவு டேப் இருந்தது.

"டேப் எதுக்குங்ணா?"

"பாக்கெட்லயே கெடந்துச்சு. டூல் ரூம்காரன் பாரு."

இரண்டாவது பார்வை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து களை எடுத்தேன். மாலையில் மண் டீத்தூள் மாதிரி வெறுமையாக இருந்தது. படம் எடுத்துக் கொண்டேன். இரவு கோடை மழை கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை தோட்டம் சேறாகிவிட்டது. மே தின லீவுக்குப் பார்க்கலாம் என்று பார்வையைத் தள்ளிவைத்தார்கள். கோரைக்கு அது போதும். மே தினத்தன்று விடிகாலையில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க ஊசிகள் விரல் உயரத்துக்கு நின்றன.

சில மணி நேரம்தான் மிச்சம். விதிகளை மனதுக்குள் ஒன்றிலிருந்து ஓட்டினேன். கொடி பந்தலில்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. முடிச்சுகளை அவிழ்த்து, கொடிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, மண் தெரியாதபடி இலைகளைப் பரப்பிவிட்டேன்.

செயலாளர் அக்கா வந்தார். பின்னால் டூல் ரூம் அண்ணன். அவருக்குப் பின்னால் பட்டியலில் இரண்டாவதாக இருந்த, ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் பாய். எல்லோருக்கும் லீவு.

"பரவாயில்லயே, பச்சைப் பசேல்னு இருக்கு" என்றார் அக்கா.

டூல் ரூம் அண்ணன் பந்தலைப் பார்த்தார், கீழே பார்த்தார். "மேல இருந்த கொடி ஏம்மா கீழ இறங்கிச்சு?"

"காத்துங்ணா."

"முடிச்ச அவுக்கற காத்தா?"

குந்தி உட்கார்ந்து ஓர் இலையைத் தூக்கினார். என் பாத்தி போய்விட்டது என்று நினைத்தேன். அவர் ஒரு ஊசியைப் பிடித்து இழுத்தார்; அது அறுந்து கையோடு வந்தது. விரலால் மண்ணைக் கிளறி ஒரு கறுப்புக் கிழங்கை எடுத்து, நசுக்கி, மோந்து பார்த்தார். முகம் மாறியது.

"கோரையாம்மா இது?"

"ஆமாங்ணா."

"புல்லுன்னுதானே குரூப்ல போட்டிருந்தாங்க?"

"புல் மாதிரிதானே இருக்குது" என்றார் அக்கா.

"மேடம், எங்க ஊர்ல இது பூந்த கொல்லைய உழுது உழுது எங்கப்பாவுக்கு முதுகே போச்சு." எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எனக்கு இந்தப் பாத்தி வேணாம். வேற காலியாவட்டும், நிக்கறேன்."

அக்கா பாய் பக்கம் திரும்பினார்.

"என்னைப் பாக்காதீங்க" என்றார் பாய். "வெளைய வெக்கறவங்க படற பாட்டப் பாத்துட்டுதான் நான் வாங்கி விக்கறவனா இருக்கறேன். கொத்துமல்லி போடலாம்னு பேர் குடுத்தேன். மல்யுத்தம் பண்ண இல்ல."

பட்டியலில் அதற்குப் பிறகு யாரும் இல்லை. அக்கா என் விதித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"எட்டாவது ரூல்படி பாத்தி உங்கிட்ட இருக்கக் கூடாது. அடுத்தவங்களுக்குப் போகணும். அவங்களும் வேணாம்னா என்ன பண்றதுன்னு எழுதியிருக்கியா?"

"எழுதலக்கா."

"ஏன்?"

"இனாமா குடுக்கற பாத்திய வேணாம்னு சொல்வாங்கன்னு தோணல."

அக்கா என்னையும் கோரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆய்து, சரி. நீயே வெச்சுக்கோ. பாதில விட்டுட்டு ஓடக் கூடாது, அவ்வளவுதான்."

"ஓட மாட்டேன்க்கா" என்றேன். அந்தத் தோட்டத்தில் நான் அவ்வளவு மனதாரச் சொன்ன சொல் வேறில்லை.

அன்று மாலையே ஒன்பதாவது விதியைத் தட்டச்சு செய்தேன். 'கோரை உள்ள பாத்தியை யார் தலையிலும் கட்டாயமாகக் கட்டக் கூடாது.' டூல் ரூம் அண்ணன் பக்கத்திலேயே நின்று, வார்த்தை வார்த்தையாகச் சரிபார்த்தார். போகும்போது மூன்று வெள்ளரிக்காய் கொடுத்தேன். எங்காவது மண் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தெருக்குழாயில் கழுவிய பிறகுதான் பையில் போட்டுக்கொண்டார்.