கொல்லாமல் போட்ட எலி

நான் ஒரு மலைப்பாம்பை எலிக்குத் தின்னக் கொடுத்தவன். பிறகு அதைப் பற்றிப் பொய்யும் சொன்னேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில், லிட்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சமையல் செய்யும் குசினிக்கு அடுத்த அறையில், கண்ணாடிக் கூட்டுக்குள், கறுப்பில் மஞ்சள் புள்ளி விழுந்த ஒரு மலைப்பாம்பைப் பதினான்கு வருடமாக வளர்த்துவந்தார். காலையில் தேநீர்க் கோப்பையோடு அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, முந்தைய நாள் கிரிக்கெட்டை அதற்குச் சொல்லுவார்.

பின்வளவுத் தகரக் கொட்டிலில் வெள்ளை எலிகள் வளர்த்தார். பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஓர் எலி. எலியின் கழுத்தில் தடியை அழுத்தி, வாலைப் பிடித்துச் சட்டென்று இழுப்பார், ஒரு நொடிதான். சூடு ஆறுவதற்குள் நீண்ட இடுக்கியால் பிடித்துப் பாம்பின் முகத்துக்கு நேரே ஆட்டுவார். ஹேர்னியா ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார்.

“உயிரோடு ஒருநாளும் போடாதே. பாம்புக்குப் பசியில்லாவிட்டாலும் எலிக்குப் பசிக்கும்” என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

தீனி கொடுக்கும் நாள் வெள்ளிக்கிழமையாக வந்தது. நான் அதுவரை முட்டைகூடத் தொட்டதில்லை. கொட்டிலுக்குப் போய் ஓர் எலியைப் பிடித்தேன். அதன் நெஞ்சு என் விரலுக்கடியில் படபடத்தது. தடியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, செவன் ஹில்ஸில் இருந்த ஊர்ச் சிநேகிதனுக்குப் போன் எடுத்தேன்.

“மச்சான், வெள்ளிக்கிழமையும் அதுவுமா எலி கொல்லவேண்டிக் கிடக்கு.”

“நீ ஏன் கொல்லவேணும்? உயிரோட போட்டுவிடு. கொல்லுறது பாம்பெல்லோ, பாவமும் அதுக்குத்தான்.”

“கிழவன் வேண்டாமெண்டு சொன்னவர்.”

“கிழவனே கட்டில்ல இருந்து எழும்பி வந்து பாக்கப்போறார்? விசரா, தலைக்குக் குளிச்சிட்டு இஞ்சால வா. தோசைக்கு அரைச்சு வைச்சிருக்கிறன்.”

பொறியியல் படித்தவன் நான். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது. எலியைக் கூட்டுக்குள் விட்டு மூடியைப் போட்டேன். பாம்பின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதன் கண்ணில் பால் படர்ந்திருந்தது தெரிந்திருக்கும். தோல் உரிக்கப்போகும் பாம்பு அப்படித்தான் இருக்கும், அப்போது தின்னாது. அதையும் அவர் சொல்லியிருந்தார். நான் குளித்து, திருநீறு பூசி, ரயில் ஏறினேன்.

ஞாயிறு மத்தியானம் திரும்பிவந்தபோது எலி பாம்பின் சுருளின்மேல் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. பாம்பின் முதுகில் இரண்டு விரல் அகலத்துக்குச் சதை இல்லை. எலும்பு தெரிந்தது. பாம்பு உயிரோடுதான் இருந்தது. நாக்கு மட்டும் வெளியே வந்து வந்து போனது.

அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: “கொன்றுவிட்டுத்தானே போட்டாய்?”

“ஓம். சரியாகச் சாகவில்லை போல.”

அவர் கூட்டின் மூடியைத் திறந்து பார்த்தார். “பிழை என்னுடையது. உனக்கு இன்னொருமுறை காட்டிவிட்டுப் போயிருக்கவேண்டும்.”

மிருக வைத்தியர், தான் பாம்புக்கு மருந்து கட்டியதே இல்லை என்றார். கிழவர் ஒரு கையால் தன் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாம்புக்குக் களிம்பு பூசுவார். நான் பாம்பைத் தாங்கிப் பிடிப்பேன். வேலிக்கு அந்தப் பக்கத்து மனிசி விசாரித்தபோது, “என் கவனக்குறைவு” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகும் நான்கு நாள் பேசாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் குசினியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அடுப்பை அணைத்தார். திட்டவில்லை.

“கொல்ல முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? அது சும்மா கிடந்திருக்கும். பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். ஒன்றும் ஆகாது.”

அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இனி எலியை நானே தயார் செய்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். முதல் எலியைக் கொல்ல எனக்கு மூன்று தரம் இழுக்கவேண்டியிருந்தது. வாரம் ஒன்றாக ஐந்து எலிகளைக் கொன்று, துடைத்து, இடுக்கியால் நீட்டினேன். ஒவ்வொரு முறையும் பாம்பு தலையைத் திருப்பிக்கொண்டது. ஆறாவதைக் கவ்வியது. மெதுவாக, ஒரு பக்கத் தாடையை முன்னால் வைத்து, பிறகு மறுபக்கத்தை வைத்து, வால்வரை விழுங்கியது. கிழவர் தன்னை அறியாமல் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மூன்றாம் நாள் பாம்பு அந்த எலியை முழுதாகக் கக்கியது. அடுத்த கிழமை செத்துப்போனது.

குழியை அவரே வெட்டினார். மண்வெட்டியைக் கேட்டேன், தரவில்லை. மூடி முடித்து, காலால் மண்ணை மிதித்தபின் சொன்னார்:

“கொட்டிலில் இன்னும் எட்டு எலி இருக்கிறது. இனி அவை தேவையில்லை. உனக்கு இப்போது கை பழகிவிட்டதே.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அது கோபமா, வெறும் களைப்பா, எனக்கு இன்றும் தெரியாது. எட்டையும் நான்தான் கொன்றேன். முடியாது என்று சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.