நாகவல்லி மேசைக்கு வந்த தீர்ப்பு

நாகவல்லி ஓய்வு பெற்று வானகரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். பூந்தமல்லியில் ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தவர். அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எங்கே தொடங்கினாலும் ஏகாம்பரத்திடம்தான் வந்து சேருவார்.

கோர்ட்டுக்கு எதிரே ஏகாம்பரமும் அவர் மனைவி சரசாவும் தள்ளுவண்டியில் டிபன் கடை போட்டிருந்தார்கள். கோர்ட் ஊழியர், வக்கீல், கைதியைக் கூட்டி வந்த போலீஸ் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். ஏகாம்பரம் அதே கோர்ட்டில் தண்டனை பெற்றவர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பாரிவாக்கத்தில் வேலித் தகராறில் பக்கத்து வீட்டு வேம்புலியைக் கடப்பாரையால் அடித்துவிட்டார். கொலை முயற்சி என்று ஏழு வருடம் தீர்ப்பானது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து, ஜாமீனில் வெளியே வந்து, கடையைப் போட்டு வருடங்கள் ஓடிவிட்டன.

"மேல இருந்து எதுனா வந்துச்சா மேடம்?" என்று தோசையைத் தட்டில் போட்டபடியே கேட்பார்.

"வந்தா சொல்ல மாட்டனாண்ணா?" என்பார் நாகவல்லி.

உயர் நீதிமன்றம் சொன்னவுடன் எதுவும் தானாக நடந்துவிடாது. தீர்ப்பின் நகல், இங்கிருந்து போன கேஸ் கட்டோடு, தண்டனை கொடுத்த கோர்ட்டுக்கே திரும்பி வர வேண்டும். விடுதலை என்றால் ஜெயிலுக்கு உத்தரவு எழுதுவதும், தண்டனை உறுதி என்றால் வாரண்ட் போடுவதும் கீழ் கோர்ட்டின் வேலை. அரக்கு முத்திரை வைத்த தபால் பை நாகவல்லியின் மேசையில்தான் திறக்கப்படும். நல்ல செய்தி வந்தால், வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு முதலில் சொல்லப் போகிறவள் நான் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் உண்டு.

ஒரு நாள் காலை அந்தப் பையில் ஏகாம்பரத்தின் கட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கொலை முயற்சி இல்லை, கொடுங்காயம்தான், ஏழு வருடம் ஒரு வருடமாகக் குறைக்கப்படுகிறது, ஜாமீன் ரத்து, மீதிக் காலத்தை அனுபவிக்கக் கீழ் கோர்ட் நடவடிக்கை எடுக்க வேண்டும். அன்று காலைப் பொங்கலும் நாகவல்லி அவர் கடையில் சாப்பிட்டதுதான்.

நீதிபதி முன் கேஸ் கட்டை வைத்தபோது, "ஐயா, ஆள் எதிர்லதான் கடை வெச்சிருக்கார். சொன்னா வந்துடுவார்" என்றார்.

நீதிபதி படித்துவிட்டு நிமிர்ந்தார். "வக்கீலோட இன்னிக்கே வந்து சரணடையட்டும். வரலைன்னா வாரண்ட்."

நாகவல்லியே தெருவைத் தாண்டிப் போனார். முகத்தைப் பார்த்ததும் ஏகாம்பரம் கரண்டியை வைத்துவிட்டார்.

"இன்னா போட்டுக்கீறாங்க?"

"ஏழு, ஒண்ணாயிடுச்சுண்ணா. முன்ன உள்ள இருந்த நாளக் கழிச்சுக்குவாங்க. ஆனா போவணும். இன்னிக்கே."

சரசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏகாம்பரம் அடுப்பைத் தணித்தார்.

"வேம்புலி கை இன்னும் சரியா மடங்கல மேடம். நான் பார்த்துகினுதானே கீறேன். போய்ட்டு வந்துடறேன்." பிறகு மனைவியிடம் திரும்பி, "சரசா, அயுவாத. நாளைக்குக் கடையத் தொற, இன்னா?" என்றார்.

சாயங்காலம் வக்கீலோடு வந்து கூண்டில் நின்றார். நீதிபதி கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினார். சிறைக்கு அனுப்பும் உத்தரவை நாகவல்லிதான் எழுத வேண்டியிருந்தது. அதை இப்போதும் சொல்வார்.

மறுநாள் சரசா கடையைத் திறந்தாள். சட்னியில் உப்பு கரித்தது. வரிசையில் நின்றவர்கள் அப்படியே சாப்பிட்டார்கள். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினவர்களும் உண்டு. தண்டனை முடிந்து இளைத்துப்போய் வந்த ஏகாம்பரம், வந்த வாரமே பழையபடி கல்லுக்கு முன்னால் நின்றார். அதற்குப் பிறகு, மேலிருந்து ஏதாவது வந்ததா என்று அவர் நாகவல்லியிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு கேள்வி இல்லாத காலைகள் நாகவல்லிக்கு என்னவோபோல் இருந்தன.

ரோட்டு வேலை வந்தபோது வண்டியை மாங்காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனால் நாகவல்லி அங்கேதான் டிபன் சாப்பிடுகிறார்.

"இப்பல்லாம் தீர்ப்பு கம்ப்யூட்டர்லயே எறங்கிடுதாம்ண்ணா. பையும் இல்ல, அரக்கும் இல்ல" என்றார் போன வாரம்.

"சீக்கிரம் வருதுல்ல? நல்லதுதான். உள்ள கெடக்கறவனுக்கு ஒரு நாளுன்னாலும் பெரிசு மேடம்" என்றார் ஏகாம்பரம்.

நாகவல்லி ஒத்துக்கொண்டார். பிறகு இருவரும், மாற்றலாகிப் போன அந்த நீதிபதி இப்போது எங்கே இருப்பார் என்று பேச ஆரம்பித்தார்கள்.