அடையாற்றிலிருந்து மாதா சபைக்கு மூன்று மைல்

யுத்தம் முடிந்த மறு ஆகஸ்டில், மாதா பண்டிகையன்று, அடையாற்றிலிருந்து மயிலாப்பூரிலுள்ள எங்கள் பங்குக் கோவிலுக்கு என் மகள் திரேசாவை அழைத்துச் சென்றேன். தூரம் மூன்று மைல். அவள் அங்கே போய்ப் பதினெட்டு வருஷமாகிறது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. வளர்ந்த பெண்ணைத் தூக்கிப் போக எனக்கு மனம் வரவில்லை. நாலு பேர் பார்ப்பார்களே என்றுதான், வேறு காரணமில்லை. மாதத்தின் முதல் வெள்ளிதோறும் சுவாமியார் வீட்டுக்கே வந்து நன்மை அப்பம் கொடுப்பார். அது போதும் என்றிருந்தேன்.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. எனக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் காணோமென்றால், "திரேசா எங்கே?" என்று கேட்க யாராவது வேண்டும். அதற்காக அவளைக் கோவில் பெண்களின் மாதா சபையில் சேர்க்கத்தான் இந்தப் பயணம்.

பஸ்ஸில் படி உயரம், உதவாது. ஜட்கா பேசினேன், போகவர இரண்டு ரூபாய். மூன்று மணிக்கு வந்த வண்டிக்காரர் குனிந்து முதுகைக் காட்டினார்.

"இன்னாம்மா யோசிக்கினு கீறே? பாப்பா முதுவுல ஏறிக்கட்டும்."

"முப்பத்திரண்டு வயசுப் பாப்பா. இடுப்பு பிடிச்சுக்கப் போவுது" என்றாள் திரேசா.

"நம்ம குதிரை கெயவன், அதுவே ஆறு பேர இஸ்துக்கினு போவுது. நீ ஏறும்மா."

பாலம் தாண்டும்வரை அவள் வாய் ஓயவில்லை. நாற்பது நிமிடத்தில் போய்விட்டோம்.

இப்போதைய சபைத் தலைவி எனக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவள். திரேசாவை நாற்காலியில் உட்காரவைத்து எலுமிச்சை சர்பத் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் சுவரைப் பார்த்தாள். சட்டம் போட்டு மாட்டிய விதிகளில் நாலாவது: சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் நடந்துவர இயலாதவர் சபையில் சேர்க்கப்படமாட்டார்.

"நீங்க போட்டதுதானே, ஆன்ட்டி?"

"மாத்தக் கூடாதா?"

"நீங்க இருந்தப்ப ஒரு கமாவைக்கூட மாத்த விட்டதில்லையே. அவங்க வீட்லயே இருந்து ஜெபிக்கட்டும்."

வரிசை கெடக் கூடாதென்று நான் வகுத்த விதி அது. ஆனால் இப்போது சுவரில் நான் பார்த்துக்கொண்டிருந்தது விதியை அல்ல, எழுத்துகளை. நல்ல கையெழுத்து என்று அதை நகலெடுக்கத் திரேசாவிடம்தான் கொடுத்தேன். அப்போது அவளுக்குப் பதினாலு. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. புரிந்துதானே எழுதியிருப்பாள்? நான் எழுத்தின் அழகை மட்டும் மெச்சினேன்.

ஐந்தரைக்குச் சுற்றுப்பிரகாரம் புறப்பட்டது. நீல ரிப்பன் அணிந்த பெண்கள் இரண்டிரண்டு பேராகப் போனார்கள். ஜட்காவிலிருந்தே பார்த்தோம்.

"பின்னாலயே மெதுவா ஓட்டிக்கினு போவட்டா?" என்றார் வண்டிக்காரர்.

"வேணாம்பா" என்றாள் திரேசா. "வரிசை கெட்டுடும்."



இப்படி யாரையாவது அழைத்துப் போகிறவர்களுக்கு: முன்வாசலில் ஏழு படி. தெற்கு வாசலில் படியே இல்லை. ஜட்காவை ஒட்டி நிறுத்தலாம். நான் தினமும் பூசைக்குப் போய்வந்த வாசல்தான் அது.

விதியை மாற்றக் கோரி மூன்று நாளாக ஒரு மனு எழுதுகிறேன். இந்த வயதில் எழுத்து கோணுகிறது. நகலெடுக்க வீட்டில் அவள்தான் இருக்கிறாள்.