அஸ்தியை ஏந்தும் பலம்

என் கணவர் சேகருக்குக் கொள்ளி வைத்த அன்று, நான் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தேன். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அம்மனை நம்பும் சகோதர சகோதரிகளே, என் கதையை அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

போன ஆண்டு தீபாவளி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் மார்சிலிங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சார்ஜில் இருந்த மின்சார சைக்கிள் பேட்டரி வெடித்துத் தீப்பிடித்தது. அவர் என்னை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டார். அவர் வரவில்லை. வாசல் இரும்புக் கேட் சாத்திக்கொண்டது. பழுக்கக் காய்ந்த இரும்பை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தேன். பக்கத்து வீட்டார் என்னைப் பிய்த்து எடுத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

கண் விழித்தபோது கை முழுக்கக் கட்டு. கொழுந்தன் முருகன் பக்கத்தில் நின்று அழுதார்.

"அஸ்தியை இன்னும் கரைக்கல அண்ணி. நீங்க எழுந்து வரட்டும்னு வெச்சிருக்கேன்."

"என் கையால கரைக்கணும் தம்பி."

"பொம்பளைங்க செய்யறதில்லையே..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கையில் வேறிடத்துத் தோலை எடுத்து வைத்துத் தைத்தார்கள். காயம் ஆறியது. ஆனால் விரல் மடங்கவில்லை. நெருப்பு தோலோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். படுத்த படுக்கையில் என் தசையும் கரைந்திருந்தது. மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுத்த பிரியா என்ற பெண், கைப்பிடி வலுவை அளக்கும் கருவியை என் கையில் வைத்தாள்.

"ஸ்குவீஸ் பண்ணுங்க ஆன்ட்டி. கேன் லா, உங்களால முடியும், இன்னும் கொஞ்சம்."

முள் அசையவில்லை. வாரா வாரம் அளந்தாள். சிறிது நகர்ந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

"எதைப் பிடிக்க ஆசைப்படுறீங்க ஆன்ட்டி? கப்பா? போனா?"

"என் வீட்டுக்காரர் அஸ்திச் சட்டி."

அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முருகன் என்னைச் சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். கற்பூரம் காட்டியபோது நெருப்பைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். 'தாயே, அவரைத் திருப்பிக் கேட்கவில்லை. சமைக்க, எழுத, எதற்கும் பலம் கேட்கவில்லை. அவரைக் கடலில் விடும்வரை கைக்கு வலு கொடு' என்று தூணில் சாய்ந்து அழுதேன்.

அடுத்த முறை அளந்தபோது முள் நின்ற இடத்தைத் தாண்டி நகர்ந்தது. பிரியா மறுபடியும் அளந்தாள். "நிஜமாவே ஏறியிருக்கு ஆன்ட்டி!" என்றாள். பிறகு அரிசி போட்ட சட்டியைத் தூக்கவைத்துப் பழக்கினாள். வலியில் கத்தினேன். ஆனாலும் விடவில்லை.

சித்திரையில் ஒரு காலை, சாங்கி பக்கம் கடலில் படகில் போனோம். சிவப்புத் துணி கட்டிய சட்டியை முருகன் என்னிடம் நீட்டினார். கீழே அவர் கை தயாராக இருந்தது. தேவைப்படவில்லை. நானே ஏந்தினேன். "போய்ட்டு வாங்க" என்று மட்டும் என் வாயில் வந்தது. தண்ணீரில் விட்டேன்.

இடது கை இன்றும் சரியாக மடங்காது. வீட்டில் அவர் இல்லாத வெறுமை தீரவில்லை. ஆனால் தீக்காயத்தோடு வருகிறவர்களைப் பார்க்க மாதம் ஒருமுறை அந்தப் பயிற்சி அறைக்குப் போகிறேன். பக்கத்தில் உட்காருகிறேன்.

துயரத்தில் இருப்பவர்களே, அம்மன் முன்னால் அழுவதற்கு வெட்கப்படாதீர்கள். போனவரை அவள் திருப்பித் தரவில்லை. அவரை வழியனுப்பும் பலத்தை எனக்குத் தந்தாள். உங்களுக்கும் தருவாள்.