ஆள் எடுக்கும் முன் எடுத்த அளவு

டேப்பக்காவுக்கு ஒருவருடைய பெயர் மறந்துபோகும், அளவு மறக்காது. "யாரு, அந்த நாப்பது இடுப்பு, வலது கை கொஞ்சம் நீளமா இருக்குமே, அவரா?" என்றுதான் கேட்பாள். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். அதனால் வந்த பெயர். இருபத்திரண்டு வருடமாக மெஷின் மிதித்த கால். நகர மன்ற உறுப்பினர்கள் கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு உட்காரும் நீல அங்கிகளைத் தைப்பதும், ஆள் மாறினால் பிரித்துத் தைப்பதும் அவள்தான்.

அவள் கடைக்கு எதிரே பெரிய சாக்கடை. அதன் மேல் ஒரு காண்ட்ராக்டர் சிலாப் போட்டான். முதல் மழைக்கே அப்பளம் மாதிரி நொறுங்கியது. போன வருடம் அந்தப் பொந்தில் விழுந்துதான் அவளுடைய அக்கா புருஷனுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், இப்போது கடை மூலையில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பட்டன் தைக்கிறார். பதினேழு மனு கொடுத்தாள். வட்டத்து உறுப்பினர் பதினேழு தடவையும் "பாக்கலாம்மா" என்றார். பிறகு எங்கேயோ பெரிய உத்தியோகம் கிடைத்து, ராஜினாமாவை நீட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். பார்த்த லட்சணம் அவ்வளவுதான்.

அவர் பதவிக்காலத்தில் இன்னும் பதினான்கு மாதம் மிச்சமிருந்தது. மீதி உறுப்பினர்களே கூடி அறுபது நாளுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம், தவறினால் தேர்தல். வட்டத்தில் யாரும் விண்ணப்பிக்கலாம், எல்லாரையும் பொதுவில் விசாரித்த பிறகுதான் ஓட்டு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

"நான் போட்டுப் பாக்கட்டுமா மாமா?"

"உனக்கு எதுக்குடி இந்த வம்பு? அங்க போயி என்ன பண்ணுவ?"

"அந்தச் சாக்கடைய மூட வைப்பேன். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் ஊசியில் நூலைக் கோத்தார். "அப்ப போடு. நல்ல பேனாவா எடுத்து எழுது" என்றார்.

எழுதினாள். காண்ட்ராக்டரும் எழுதியிருக்கிறான் என்று தெரு முழுக்கப் பேச்சு. இருக்கட்டும், விசாரித்துத்தானே போடுவார்கள் என்று இருந்தாள்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் மன்றத்துப் பியூன் மூச்சிரைக்க வந்தார். கையில் பழைய உறுப்பினரின் அங்கி, ஒரு சீட்டு.

"அக்கா, அவசரம். இதப் பெருசு பண்ணணுமாம். அளவு இதுல இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணுமாம்."

"யாருக்கு?"

"புது உறுப்பினருக்கு."

"புது உறுப்பினர வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேலதானப்பா தேர்ந்தெடுக்கப் போறாங்க?"

பியூன் அவசரமாகத் திரும்பினார். "எனக்கென்னக்கா தெரியும், குடுன்னாங்க குடுத்தேன்" என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

சீட்டில் பெயரில்லை. மன்ற முத்திரை, தேதி, தலைவர் கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருந்தன. மார்பு நாற்பத்தாறு. வயிறு ஐம்பது. இடது தோள் ஒரு இஞ்ச் இறக்கம். அவள் இரண்டாம் தடவை படிக்கவில்லை. பத்து வருடமாக அந்தத் தோளுக்குச் சட்டை தைக்கிறவள் அவள்தான்.

"எவ்வளவு திமிர் பாத்தீங்களா மாமா! அந்த நொறுங்குன சிலாப்பப் போட்டவனுக்கு அங்கி. அதையும் என் கையாலயே தச்சுக் குடுக்கணுமாம். நான் விண்ணப்பம் போட்டதுகூட இவங்க நெனப்புல இல்ல. நம்மள ஒரு ஆளாவே மதிக்கல!"

மாமா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கடித்த வேகத்திலேயே அவர் கோபம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் நிற்க இடமில்லை. எட்டு உறுப்பினர்களில் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஐந்து பேருக்குக் குறைந்தால் கூட்டம் செல்லாது. காண்ட்ராக்டர் முன்வரிசையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். மூன்றாவதாக டேப்பக்காவைக் கூப்பிட்டார்கள்.

"சொல்லும்மா, சுருக்கமா. எதுக்கு இந்தப் பதவி?" தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சொல்றேங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை பாக்கி. ஒரு அளவு சரியான்னு பாத்துக்கறேன்."

இன்னும் கத்திரி படாத அந்த அங்கியை மேசைமேல் வைத்தாள். சீட்டைக் கூட வந்திருந்த மாமாவிடம் கொடுத்தாள். கழுத்து டேப்பை உருவிக்கொண்டு நேரே காண்ட்ராக்டர் முன்னால் போய் நின்றாள்.

"எந்திரிங்க."

பத்து வருடப் பழக்கம். அந்த ஆள் எழுந்தான். யோசிக்காமலே இரண்டு கையையும் தூக்கினான். சபையே கொல்லென்று சிரித்தது. கையை இறக்குவதற்குள் டேப் மார்பைச் சுற்றிவிட்டது.

"நாப்பத்தாறு!"

"இருக்கு!" என்றார் மாமா, சீட்டைப் பார்த்து.

"வயிறு அம்பது!"

"அதுவும் இருக்கு!"

"இடது தோள் ஒரு இஞ்ச் எறக்கம்!"

"எறக்கம்னு எழுதியே இருக்கு! கீழ தேதி, செவ்வாய்க்கிழமை. தலைவர் கையெழுத்து."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

"இது ஒரு முன்னேற்பாடும்மா, நிர்வாக விஷயம்..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"யாருக்குக் காது குத்துறீங்க? ஆள் எடுக்குறதுக்கு முன்னாடி அளவு எடுத்திருக்கீங்க! இவ்வளவு நேரமா எங்கள வரிசையா நிக்க வச்சு என்ன வெளையாட்டு இது? இந்த ஆள் போட்ட சிலாப்புல விழுந்த மனுஷன் அந்தா ஊன்றுகோலோட நிக்கிறாரு. அவர் மூஞ்சியப் பாத்து ஓட்டுப் போடுங்க, பாப்போம்."

உறுப்பினர்களில் ஒரு அம்மாள், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர், தம் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "இந்தச் சீட்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்" என்று வெளியே நடந்தார். பின்னாலேயே இன்னொருவரும் எழுந்தார். மிச்சம் நான்கு பேர். கூட்டம் கலைந்தது. டேப்பக்கா அங்கியைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அது ஐம்பத்தொன்பதாவது நாள். மிச்சமிருந்த ஒரே நாளில் இன்னொரு கூட்டம் கூட்ட அந்தத் தலைவருக்குத் தெம்பில்லை. தேர்தல் என்று அறிவித்தார்கள்.

சாக்கடை இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் கிடக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். டேப்பக்கா காலையில் தையல், சாயங்காலம் வீடு வீடாக ஓட்டுக் கேட்பது என்று அலைகிறாள். மாமா ஊன்றுகோலோடு கூடவே போகிறார்.

போன வாரம் பியூன் மறுபடி வந்து தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அந்த அங்கியத் திருப்பிக் கேக்கறாங்க."

"இங்கயே இருக்கட்டும். இதுக்குள்ள யாரு வரணும்னு ஜனங்க சொல்லட்டும், அப்புறம் கத்திரி வைக்கிறேன்."