பாலத்தில் மெதுவாகப் போன வண்டி

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவளை எல்லோரும் ஒட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடி கனமே உள்ள கண்ணாடி இழைகளை ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. இழையின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் தோலை உரித்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, முனையை நறுக்கி, மிஷினுக்குள் எதிரெதிராக வைத்தால் ஒரு பொறி பறக்கும். இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் எங்கே ஒட்டினோம் என்று அவளே தேட வேண்டும்.

மனைவியோடு ஓயாத சண்டை உள்ள ஸ்டோர்காரர் வந்து, "எங்க ரெண்டு பேரையும் இதுல வச்சு ஒட்டிக் குடுங்கக்கா" என்பார்.

"ஒட்டலாம். மொதல்ல தோலை உரிக்கணும், பரவாயில்லையா?" என்பாள் இவள்.

ஊரையெல்லாம் ஒட்டுகிறவளின் வீடு மட்டும் இரண்டாகத்தான் கிடந்தது. அவள் வீட்டுக்காரர் கூட்ஸ் ரயில் ஓட்டுகிறவர். டிப்போ எங்கேயோ தூரத்தில். லீவு கிடைத்தால் வருவார். வந்ததும் பாதி நாள் தூங்குவார். கண் விழித்துப் பேச ஆரம்பிக்கும்போது புறப்பட வேண்டிய நேரம் வந்துவிடும். மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, அவர் வரும் நாளில் இரண்டு தட்டு கழுவுவதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாகிவிட்டது. மற்ற நாளெல்லாம் ஒரு தட்டுத்தானே கழுவுகிறாள்.

கூடத்தின் உள்ளறையில் லேசரை வைத்து இழைக்குள்ளே வரிகள் எழுதுவார்கள். கண்ணுக்குத் தெரியாத வரிகள். கிரேட்டிங் என்று பெயர். எழுதும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள், யாரும் நடக்கக் கூடாது, தும்மக் கூடாது. இழை துளி அசைந்தாலும் வரி கலைந்துவிடும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் அவள் கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொள்வாள். வேண்டுதல் ஒன்றுதான். அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு.

அந்த வரிகளில் வெளிச்சம் பட்டால் ஒரே ஒரு நிறம் மட்டும் திரும்பி வரும். இழையை இழுத்தால் வரிகளுக்கு நடுவே இடைவெளி கூடும், திரும்பி வரும் நிறமும் ஒரு துளி மாறும். அந்தத் துளி மாற்றத்தை வைத்தே எது எவ்வளவு நீண்டது, வளைந்தது என்று சொல்லிவிடலாம். அப்படிச் செய்த இழைகளை எங்கேயோ ஒரு ஆற்றின் மேலே போகும் ரயில் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பாலத்துக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று இங்கே அறைக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. வண்டி போகும்போது ஒவ்வொரு ஜோடி சக்கரத்துக்கும் கம்ப்யூட்டர் திரையில் உள்ள கோட்டில் ஒரு பல் முளைக்கும். வண்டி போய்விட்டால் கோடு மறுபடி படுத்துக்கொள்ளும்.

அது அவர் போகும் பாதைப் பாலம்தான் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தத் திரையை விட்டு வர மனம் இல்லாமல் போயிற்று. ஆனால் கூட்ஸ் வண்டிக்கு நேரம் காலம் ஏது? வரிசையாகப் பல் முளைக்கும், போகும். எது அவர் என்று எப்படித் தெரியும்?

லீவில் வந்தவரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்ட கையோடு சிரித்தார்.

"நான் பாலத்துல போறது ஒனக்குத் தெரியுதா? பொய் சொல்லாத."

"வண்டி போறது தெரியுதுங்க. நீங்கதானான்னு தெரியல."

"கைய ஆட்டிட்டுப் போகவா?"

"கைய ஆட்டுனா பாலம் வளையுமா?"

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். "மெதுவாப் போனா?"

மெதுவாகப் போனால் பல்லுக்குப் பல் இடைவெளி அகலமாக விழும். அவள் சொன்னாள். அவர் கை கழுவப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் திரையில் பற்கள் வந்தன. முதலில் நெருக்கமாக, பிறகு விலகி விலகி. பல்லுப்போன கிழவர் சிரிப்பது போல. அவள் கையில் இருந்த துணியைக் கீழே போட்டாள். தூரத்தில், ஒரு ஆற்றின் மேலே, தன் வீட்டு மனிதர் தனக்காக ஒரு முழு ரயிலையும் அடக்கிப் பிடித்துக்கொண்டு போகிறார். இதை யாரிடம் சொல்வது? கடவுளிடம்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் போனில் கேட்டார். "என்னைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்தேன்?"

"இளைச்சுப் போயிருக்கீங்க."

கூட வரும் துணை டிரைவர், "ஏண்ணே, பாலம் வந்தா மட்டும் வேகத்தக் கொறைக்கிறீங்க?" என்று கேட்டாராம். "கும்பிட்டுட்டுப் போறேன்டா" என்றாராம் இவர். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். அவர் எத்தனை தடவை அந்தப் பாலத்தைக் கடந்தாரோ, அத்தனை தடவையும் அவள் வீட்டில் விளக்கேற்றியது போல இருந்தது.

கூடத்தில் இந்த அளவுகளைப் பார்க்க ஒரு பையன் இருந்தான். படிப்பை முடித்து ஆராய்ச்சி செய்கிறவன். கணக்குத் தம்பி என்று பெயர். ஒரு நாள் காலையில் அவன் முகம் வெளிறிப்போய் வந்தான்.

"அக்கா, பாலத்துல ஏதோ இருக்கு. ஒரு வாரமா நானும் மேடமும் பாத்துட்டு இருக்கோம். சில கூட்ஸ் வண்டி மட்டும் நடுப்பாலத்துல மெதுவாகுது. அங்க வேகத் தடையே கிடையாது. பழகின டிரைவர் ஏன் பிரேக் போடுவான்? அடியில எங்கயோ தளர்றது அவனுக்குக் காலுல தெரியுது. நம்ம இழைக்குத் தெரியல."

அந்த டிரைவர் யார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. "என்னப்பா செய்யப் போறீங்க?"

"ரயில்வேக்கு எழுதிடுவோம். பாலத்த மூடிட்டுச் சோதிக்கட்டும். மேடம் மத்தியானம் அனுப்பிடுவாங்க. நம்ம கிரேட்டிங்கயே இனிமே நம்பலாமான்னு தெரியல."

அவள் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். இழையை நறுக்கினாள், முனை கோணலாக வந்தது. இன்னொன்று, அதுவும் கோணல். சொல்லாவிட்டால் நல்ல பாலத்தை மூடுவார்கள், இத்தனை பேர் மூச்சடக்கி எழுதிய வரிகளுக்குக் கெட்ட பெயர் வரும். சொல்லிவிட்டாலோ, அவர் இனிமேல் அந்தத் திரையில் வர மாட்டார். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த அகலப் பல் வரிசை ஒன்றுதான். கண்ணை மூடினாள். கடவுளிடம் எதுவும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் இருந்தது.

எழுந்து போய், கூடத்தின் தலைவியான பேராசிரியையின் அறைக் கதவைத் தட்டினாள்.

"மேடம், பாலத்துக்கு ஒண்ணுமில்ல. அது எங்க வீட்டுக்காரர்."

பேராசிரியைக்கு முதலில் புரியவில்லை. முழுவதும் கேட்ட பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் மகனும் எங்கோ தூரத்தில்தான் இருக்கிறான் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"பாலத்துக்குத்தான் நோவுன்னு நெனச்சு ஒரு வாரமாத் தூங்காம இருந்தோம்மா" என்றார்.

"தப்புத்தான் மேடம்."

"அவர் மெதுவாப் போன நாளெல்லாம் தம்பிகிட்ட சொல்லிடுங்க, கணக்குலேர்ந்து எடுத்துடட்டும். ரயில்வேக்கு நான் எதுவும் எழுதப் போறதில்ல. ஆனா இனிமே வேணாம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. எல்லா வண்டியும் ஒரே மாதிரி போனாத்தான் பாலம் மாறுதா இல்லையான்னு நமக்குத் தெரியும்."

"சொல்லிடறேன் மேடம்."

கணக்குத் தம்பி அவளைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான். பிறகு, "நானும் ஒரு வாரமா அண்ணனுக்கு என்ன வியாதின்னுதான் தேடிட்டு இருந்தேனாக்கா?" என்றான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் போனில் சொன்னாள். "சரிம்மா" என்றார் அவர். "வேலைன்னா வேலதான்."

மறுநாள் முதல் வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி போயின. பல், பல், பல், பிறகு நேர்க்கோடு. அவள் திரைக்கு முன்னால் நின்றாள். எது அவர்? இதுவா, சற்று முன் போனதா? இழை ஒட்டும் வேலை இல்லாத நேரமெல்லாம் அங்கேயே போய் நின்றாள். எந்த வண்டி வந்தாலும், அவர்தான் என்று வைத்துக்கொண்டு, பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று வேண்டினாள். யார் யாரோ ஓட்டிய வண்டிகளுக்கும் அந்த வேண்டுதல் போயிற்று. போகட்டும், அந்த வீடுகளிலும் யாராவது ஒரு தட்டைக் கழுவிக்கொண்டு இருப்பார்கள்.

அந்த வாரக் கடைசியில் அவர் கூப்பிட்டார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்கத் தயங்குவது குரலில் தெரிந்தது.

"இன்னைக்குப் பாலத்துல போனேன். நேராத்தான் போனேன், வேகத்தக் கொறைக்கல." பிறகு கேட்டேவிட்டார். "என்னைப் பாத்தியா?"

அன்று காலையிலிருந்து போன ஒரு வண்டியையும் அவள் விடவில்லை.

"பாத்தேங்க" என்றாள்.